சாக மறுக்கும் கேப்டன்

7 ஏப்ரல், திங்கள்

இன்று மூன்று நகரும் கழிப்பறைகளுக்குப் பம்ப் மாற்றினேன். நான் படித்தது மெக்கட்ரானிக்ஸ், முதுகலை. எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது.

ஜெனரேட்டருக்குக்கூட ஒரு லாக் புத்தகம் இருக்கிறது, எனக்கு இல்லையே என்று இன்று ஆரம்பிக்கிறேன். அழகாக எழுத வராது. நடந்ததை எழுதுவேன்.

முதலாளியம்மா பெயர் ஹெதர். கூடாரம், ஜெனரேட்டர், கழிப்பறை வாடகைக்கு விடுகிறவர். ஊர் மெல்பிரிட்ஜ், இங்கிலாந்து. ஒரு ஆறு, ஒரு பாலம், ஒன்பது மதுக்கடை. ஆபீஸ் சுவரில் பெரிய காலண்டர். ஜெர்மனி தோற்ற நாள், படை கரை இறங்கிய நாள், வாட்டர்லூ, டிரஃபால்கர், பார்லிமென்டுக்கு வெடி வைக்கப் பார்த்தவன் பிடிபட்ட நாள், எல்லாவற்றிலும் சிவப்பு வட்டம். இந்த நாட்டில் ராஜா பிறந்தாலும் செத்தாலும் எங்களுக்குக் கழிப்பறை வாடகை உண்டு. ராஜாவுக்குப் பிறந்தநாளே இரண்டு. பிறந்தது நவம்பரில், ஊரறியக் கொண்டாடுவது ஜூனில். நவம்பரில் மழை பெய்யுமாம். என்னைப் பள்ளியில் சேர்க்க அப்பா பிறந்த தேதியை ஜூனுக்கு மாற்றியதை இனி வெளியில் சொல்ல வெட்கப்பட மாட்டேன்.

என் பெயர் ஆறுமுகப்பெருமாள். இங்கே 'பெரி'. இவர்கள் பேசுவதை உடன்குடித் தமிழில்தான் எழுதப்போகிறேன். எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

மதியம் ஹெதர் கூப்பிட்டார். "ஏல பெரி, ஒன் விசா எப்பம் முடியுது?"

"அக்டோபர்."

"நான் ஸ்பான்சர் பண்ணணும்னா பெரிய காண்ட்ராக்ட் ஒண்ணு கையில வேணும். ஆகஸ்டுல பாலச் சண்டை. அது ஒழுங்கா முடிஞ்சா மூணு வருசத்துக்கு நமக்குத்தான். முடியலன்னா நான் ஒனக்கு நல்ல சர்டிபிகேட்டு தாரேன், நீ ஊருக்குப் போயிக்கோ."

ஒழுங்காக முடிவது என்றால் என்ன என்று கேட்டேன்.

"நாலு மணிக்குள்ள எல்லாரும் செத்துரணும்," என்றார்.


16 ஏப்ரல், புதன்

விஷயம் இதுதான். 1645-இல் இந்தப் பாலத்தில் ராஜா படைக்கும் பார்லிமென்ட் படைக்கும் சண்டை. ராஜாவின் கேப்டன் பாலத்தில் விழுந்து செத்தான், கொடி இறங்கியது, பார்லிமென்ட் ஜெயித்தது. வருடா வருடம் அதே தேதியில் ஊர்க்காரர்கள் வேஷம் கட்டி அதை நடத்துகிறார்கள். இது முந்நூற்று எண்பதாவது.

இன்று மதுக்கடைப் பின்னறையில் வேஷம் கட்டுகிறவர்களின் சங்கக் கூட்டம். ராஜா பக்கம் இறகு வைத்த தொப்பி. பல் டாக்டர், வக்கீல், வீட்டு புரோக்கர். பார்லிமென்ட் பக்கம் பிளம்பர், வாத்தியார், பஸ் டிரைவர். கூட்டத்திலேயே தனித்தனி மேசை. ஒருவன் உப்பை அந்த மேசையில் கேட்காமல் எழுந்து போய்க் கடையில் வாங்கி வந்தான்.

எனக்கு இது புதிதில்லை. திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் பார்த்து வளர்ந்தவன். சூரன் யானைத் தலையோடு வருவான், சிங்கத் தலையோடு வருவான், குதிப்பான், முறைப்பான். ஆனால் நேரம் வந்தால் செத்துவிடுவான். கூட்டம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போக வேண்டுமல்லவா? அந்தப் பொறுப்பு இவர்களிடம் இல்லை. போன வருடம் நான்கு மணிக்கு முடிய வேண்டிய சண்டை ஐந்தரை வரை இழுத்தது. பாலத்துச் சாலை மூடிக் கிடந்தது, பஸ் எல்லாம் வரிசையில். இந்த வருடமும் நேரம் தவறினால் இனி அனுமதியே கிடையாது என்று ஊர்க் கவுன்சில் சொல்லிவிட்டது.

"ஏன் சாக மாட்டேங்கறாங்க?" என்று சத்தமாகவே கேட்டேன்.

பின்னாலிருந்து தமிழில் பதில் வந்தது. "செத்தால் ஈரப் புல்லில கிடக்கோணும். மாட்டுச் சாணி வேற. ஆர் சாவினம்?"

திரும்பினால் ஒரு பெண், ஆளைவிட மூன்று மடங்கு நீள ஈட்டியோடு. நிரோஜினி. யாழ்ப்பாணத்து அப்பா அம்மா, பிறந்தது இந்த நாட்டிலேயே, ஈஸ்ட் ஹாம். இங்கே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். பார்லிமென்ட் படை.

"நீங்க ஏன் இதுல?"

"சத்தம் போடலாமெண்டுதான். ஆஸ்பத்திரியில நாள் முழுக்க மெதுவாத்தானே கதைக்கோணும்."

"வீட்ல வந்து பாப்பாங்களா?"

"அம்மா வருவா. அப்பா வரமாட்டார். வெடிச் சத்தம் அவருக்குப் பிடிக்காது."

"பொய் வெடிதானே?"

"காதுக்கு அது தெரியுமே?" என்றாள். நான் ஜெனரேட்டர் வைக்கும் இடத்தைப் பார்க்கப் போய்விட்டேன்.


8 மே, வியாழன்

ஜெர்மனி தோற்று எண்பது வருடம். தெரு விருந்துகள் பதினொன்று. எல்லா இடத்திலும் அதே முக்கோணக் கொடி, அதே கேக். ஒரு தாத்தாவிடம் நீங்கள் அப்போது போரில் இருந்தீர்களா என்று கேட்டேன். எனக்கு வயது எழுபதுதான்டா என்று கோபித்துக்கொண்டார்.

அம்மா ஃபோன். "ராஜாவப் பாத்தியாடா?"

"ராஜா பொறந்தநாளுக்கு கக்கூஸ் போடப்போறோம்மா."

"அதான் ராஜா வேலைன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். விசா எல்லாம் சரியா இருக்குல்ல?"

"இருக்கு."

இணைப்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.


20 மே, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். சும்மா ஸ்டோரைப் பெருக்கும்போது.

உணவு மேளாக்களில் ஆர்டர் கொடுத்தால் கையில் ஒரு வட்ட பஸ்ஸர் தருவார்கள். சாப்பாடு தயாரானதும் அது அதிரும், சிவப்பு விளக்கு மினுக்கும், போய் வாங்கிக்கொள்ளலாம். ஹெதரிடம் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. ஆளுக்கு ஒன்று இடுப்பில். நான் எண் பலகையில் அவரவர் எண்ணை அழுத்தியதும் அதிரும். அதிர்ந்தால் சாக வேண்டும். முடிந்தது.

ஹெதர் ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு, "ஏல, இது நடக்கும்லே," என்றார்.


7 ஜூன், சனி

ஒத்திகை. பார்லிமென்டுக்கு 1 முதல் 30, ராஜா படைக்கு 31 முதல் 60. அறுபது என்பது கேப்டன்.

அருமையாக வேலை செய்தது. 41-ஐ அழுத்தினேன், வக்கீல் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். 52, புரோக்கர், அதிர்வு கூச்சமாக இருக்கிறதென்று சிரித்துக்கொண்டே செத்தார். இதுவரை தன்னை யாராலும் கொல்ல முடியாது என்று சொல்லித் திரிந்த பஸ் டிரைவர், 17, சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில். ஆட்களுக்குச் சாவதில் ஆட்சேபம் இல்லை, யார் முதலில் என்பதுதான் பிரச்சினை. மெஷின் சொன்னால் கௌரவக் குறைச்சல் இல்லை.

அறுபதை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். கேப்டன் பாலத்தில் வாளைச் சுற்றிக்கொண்டே இருக்கிறார்.

கேப்டனாக நடிப்பவர் கிளைவ், ஓய்வுபெற்ற பல் டாக்டர். எழுபத்துநாலு வயது. இந்த ஊரில் பாதிப்பேரின் பல்லைப் பிடுங்கியவர். அவரை எதிர்த்துச் சண்டையில் நிற்கப் பலருக்கு இன்னும் பயம். போன வருடம் ஒன்றரை மணி நேரம் இழுத்தது அவரால்தான்.

அருகே போய், "பஸ்ஸர் அதிரலையா?" என்றேன்.

"1645-ல ஏதுவே பிளாஸ்டிக்கு? காருல கெடக்கு அது."

"நீங்க சாகாம கொடி எறங்காது. கொடி எறங்காம ரோடு தெறக்காது. என் விசாவே அதுலதான் இருக்கு. நீங்க ஏன் சாக மாட்டேங்கறீங்க?"

ஐம்பத்தொன்பது பிணங்களும் தலையைத் தூக்கிப் பார்த்தன. கிளைவ் வாளை உறையில் போட்டுவிட்டுக் காருக்குப் போய்விட்டார்.

நிரோஜினி எழுந்து வந்தாள். "உங்களுக்கு விசர். எல்லாருக்கும் முன்னால இப்பிடியே கேக்கிறது?"

"கேள்வில என்ன தப்பு?"

"அந்த மனிசன் புல்லில குந்தி இருந்து ஒருக்காவாவது பாத்தனீங்களோ? எல்லாரும் கீழ குந்தி இருந்து தேத்தண்ணி குடிக்கேக்குள்ள அவர் மட்டும் மதிலில சாஞ்சு நிப்பார். நான் நாளுக்கு நாப்பது முழங்கால் படம் எடுக்கிறனான். எனக்குத் தெரியும்."

நான் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியது என் வேலை வரம்பில் இல்லை.


15 ஜூன், ஞாயிறு

மாக்னா கார்ட்டா நாள். எண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஒரு ராஜாவை ஆற்றங்கரையில் மடக்கி உரிமைச் சாசனத்தில் முத்திரை வாங்கினார்களாம். கூட்டம் பல நாள் நடந்திருக்கிறது. கழிப்பறை யார் போட்டார்கள் என்று எங்கும் குறிப்பில்லை.


18 ஜூன், புதன்

வாட்டர்லூ நாள். கிளைவ் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க அல்ல. அறுபதாம் எண் பஸ்ஸரைத் திரும்ப வாங்க.

தோட்டத்துப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி இருந்தது, உயரமான நாற்காலி, அதற்குக் கீழே செங்கல் வைத்து இன்னும் உயர்த்தியது. உட்காரச் சொல்லவில்லை. நான் உட்கார்ந்தேன்.

"முழங்காலா?" என்றேன்.

கொஞ்சம் முறைத்தார். "ரெண்டும்."

"ஆப்பரேஷன்?"

"நெஞ்சு தாங்காதுன்னுட்டான்."

பிறகு அவராகவே சொன்னார். இரண்டு வருடம் முன்பு ரோஜாச் செடிக்குக் கீழே களை பிடுங்கக் குனிந்தவர் விழுந்துவிட்டார். எழ முடியவில்லை. காலையில் விழுந்தவர் மதியம் தபால்காரன் வரும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். தபால்காரன் இவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவன். தூக்கி நிறுத்தி, கால்சட்டையைத் தட்டிவிட்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன் டாக்டர் என்றானாம். "சொல்ல மாட்டேன்னு சொன்னாம் பாரு, அதுதான்வே தாங்கல."

"அப்ப வேற யாராவது கேப்டன் வேஷம் கட்டட்டும்."

"போய்ட்டு வா."

நான் எஞ்சினியர். பிரச்சினை என்றால் வழி சொல்லுவேன். பீப்பாயில் சாய்ந்து உட்கார்ந்தபடி சாகலாம் என்றேன். கேப்டன் விழுந்தார் என்றுதான் இருக்கிறது, சாய்ந்தார் என்று இல்லை என்றார். யார் பார்த்தது என்றேன். நாலு பேர் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றார். கழிப்பறை ஏற்றும் ஹாய்ஸ்ட் எங்களிடம் இருக்கிறது, இருநூறு கிலோ தூக்கும் என்றேன். அதற்கு அவர் வாசலைக் காட்டினார்.

வாசலில் வைத்து, "அன்னைக்கு நேரம் நான் பாத்துக்கிடுதேன். இத வெளிய சொல்லாத," என்றார்.

பஸ்ஸரை வாங்க மறந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால்.


12 ஜூலை, சனி

மழையே இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடத் தடை. டெர்பியில் ஒரு பேக்கிங் மெஷின் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டேன். சும்மாதான்.

அம்மாவிடம் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னேன். நிரோஜினி நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், ஏனென்றால் அப்போது அவள் கார் பேட்டரியை நான் மாற்றிக்கொண்டிருந்தேன். "அம்மாவுக்கு உண்மை சொல்லேல்லயோ?" என்றாள். பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கிறது, அதைச் சுரண்ட வேண்டும் என்றேன். உண்மைதான், பூத்திருந்தது.


16 ஆகஸ்ட், சனி

சண்டை. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். இங்கிலாந்தின் சரித்திரத்தை இன்று நான் மாற்றிவிட இருந்தேன்.

இரண்டரைக்கு ஆரம்பம். நல்ல வெயில், புல் காய்ந்து மொறமொற. மூவாயிரம் பேர் கூட்டம். நான் அறிவிப்பாளர் கூடாரத்துக்குப் பின்னால் எண் பலகையோடு. பக்கத்தில் கவுன்சில் பெண் அதிகாரி, கையில் கடிகாரம், உதடு ஒரே கோடு.

முதல் பத்து நிமிடம் எல்லாம் சரி. பிறகு நான் எதையும் அழுத்தாமலே பார்லிமென்ட் ஆள் ஒருவன் செத்தான். 1. சரி, ஆர்வக்கோளாறு. அடுத்து 2. பிறகு 3, 4. வரிசையாக. பிளம்பர் பீரங்கிக்குத் திரி வைக்கப் போனவர், இடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோளைக் குலுக்கிவிட்டு விழுந்தார். பீரங்கி வெடிக்கவில்லை.

அறிவிப்பாளர் மைக்கில் தடுமாறினார். "பார்லிமென்ட் படை... எதிர்பாராத... இழப்பைச் சந்திக்கிறது..."

ராஜா பக்கத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. முந்நூற்று எண்பது வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வக்கீல் தொப்பியை ஆட்டி ஊளையிட்டார். அவ்வளவுதான், புரோக்கர்கள் பாய்ந்து வந்தார்கள்.

என் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். கோளாறு இல்லை. அப்போதுதான் காற்றில் வாசனை வந்தது. வெங்காயம் வதக்குகிற வாசனை.

மைதான ஓரத்தில் காரி என்பவனின் சாஸேஜ் கடை. ஓடினேன். கடை முன்னால் நீள வரிசை, ஒவ்வொருவர் கையிலும் எங்கள் பஸ்ஸர். காரி மேசையில் எங்களுடைய இன்னொரு எண் பலகை. காலையில் ஹெதர் வாடகைக்குக் கொடுத்திருக்கிறார், இன்னொரு பெட்டி, அதே அலைவரிசை, அதே எண்கள். காரி சாஸேஜ் தயாரானதும் எண்ணை அழுத்துகிறான். வாடிக்கையாளர் வருகிறார். மைதானத்தில் ஒரு பார்லிமென்ட் வீரன் சாகிறான். கூட்டத்துக்கு நல்ல பசி.

"நிறுத்துலே!" என்று கத்தினேன். தமிழில்.

"28 முடிஞ்சுது, 29-க்கு வெங்காயம் வெந்துட்டு," என்று விரலை வைத்துவிட்டான். தூரத்தில் வாத்தியார் விழுந்தார். 30-க்கு அவன் விரல் போனபோது பலகையைப் பிடுங்கி பேட்டரியைக் கழற்றினேன். "அந்தம்மா காத்துக்கிட்டு நிக்கிதுல்லா!" என்றான். அந்தம்மாவிடம் சாஸேஜை நானே எடுத்துக் கொடுத்தேன். கடுகு வேண்டுமா என்றும் கேட்டேன்.

முப்பது நிரோஜினி.

திரும்பி ஓடி வந்து பார்த்தால் பாலத்தின் இந்த முனையில் அவள் ஒருத்தி, நீள ஈட்டியோடு. அந்த முனையில் ராஜா படை முப்பது பேரும். செத்தவர்கள் எழக் கூடாது, கொடி இறங்கிய பிறகு அறிவிப்பு வந்தால்தான் எழலாம். அது சங்கத்தின் சட்டம், குண்டு மேலேயே பாய்ந்தாலும் மாற்ற மாட்டார்கள். ஒரு பிணம் நான் தாண்டும்போது, "ராஜா ஜெயிச்சா என் பொண்டாட்டி என்ன வீட்டுல சேக்க மாட்டா," என்று முனகியது.

மணி மூன்றரை தாண்டிவிட்டது. 31 முதல் 59 வரை விரல் வலிக்க அழுத்தினேன். வக்கீல், புரோக்கர், தெருக்கோடி மருந்துக்கடைக்காரர், யாரும் தொடாமல், ஒருத்தி முன்னால், கதிரறுத்தது போல விழுந்தார்கள். கூட்டம் இரைந்தது. ஒரு பெண் தனியாக இருபத்தொன்பது பேரைக் கொன்றுவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் திருத்தவில்லை.

கிளைவ் மட்டும் நின்றார்.

அறிவிப்பாளர் மைக்கைத் தாழ்த்தினார். கவுன்சில் பெண்மணி கடிகாரத்தைத் தட்டினார். நிரோஜினி ஈட்டியைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாக நடந்தாள். கிட்டே போய் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. கிளைவ் அவளைப் பார்த்தார், பிறகு கீழே கல்லைப் பார்த்தார். பிறகு நான் நின்ற பக்கம்.

வாளைப் போட்டார். இரண்டு முழங்காலும் ஒன்றாக மடங்கியது. கையை ஊன்றவில்லை. பக்கவாட்டில் விழுந்து முகம் கல்லில் படக் கிடந்தார். கொடி இறங்கியது. மணி மூன்று நாற்பத்தைந்து. சாலையைத் திறக்கத் தேவைக்கு மேலேயே நேரம். நான் ஜெயித்துவிட்டேன்.

"செத்தவர்கள் எழலாம்!" என்றார் அறிவிப்பாளர்.

ஐம்பத்தெட்டுப் பேரும் புல்லைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். கைதட்டல். கிளைவ் எழவில்லை. முதலில் அதுவும் நடிப்பு என்று சிரித்தார்கள். சிரிப்பு நின்றது. ஒரு கை மட்டும் கல்லைத் தேடுவதைப் பார்த்தேன். முதலுதவிக்காரர்கள் ஆரஞ்சு ஸ்ட்ரெச்சரை எடுத்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் ஃபோனைத் தூக்கினார்கள்.

மைக்கைப் பிடுங்கினேன். என் ஆங்கிலம் அவசரத்தில் நன்றாக வராது. "கேப்டன் எழ மாட்டார்," என்றேன். "கேப்டன் செத்துவிட்டார். கேப்டனுக்கு மரியாதை. எல்லாரும் தொப்பியை எடுங்கள். ஃபோனையும் உள்ளே வையுங்கள்."

எடுத்தார்கள். இந்த ஊரில் மைக்கில் கண்டிப்பாகச் சொன்னால் எதையும் செய்வார்கள்.

இரண்டு ஈட்டிக்கு நடுவில் ராஜா படையின் சிவப்பு அங்கியைக் கட்டிக் கிளைவைக் கிடத்தினோம். தலைமாட்டில் வக்கீலும் பிளம்பரும். கால்மாட்டில் புரோக்கரும் பஸ் டிரைவரும். நிரோஜினி முன்னால் மேளக்காரனை நிறுத்தினாள். தூக்கும்போது கிளைவ் கண்ணைத் திறக்காமல், "யார்லே இது, தலை தாழுது," என்றார். உயர்த்தச் சொன்னேன்.

முதலுதவிக் கூடாரம் எதிரேதான். ஆனால் அப்படிப் போகவில்லை. எங்கள் ஊரில் ஆளை அப்படிக் குறுக்கால் கொண்டு போவதில்லை. கொட்டடித்து ஊரைச் சுற்றித்தான். எனக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். பாலம் ஏறி, மெயின் ரோட்டில் நடந்து, சந்தைச் சதுக்கத்தைச் சுற்றி, திரும்ப. வழியில் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். பஸ்கள் நின்றன. அவசரமாக ஹாரன் அடித்த ஒருவனை எங்கள் 17-ஆம் எண் கால்மாட்டிலிருந்து ஒரு பார்வை பார்த்தார். அது பஸ் டிரைவரின் மேலதிகாரி போலிருக்கிறது, ஆனாலும் ஹாரனை நிறுத்திக்கொண்டான். கிளைவ் நேராக, அசையாமல் கிடந்தார். சிவப்பு அங்கி. வெள்ளைத் தலை. கேப்டன் மாதிரியேதான் இருந்தார்.

கூடாரத்துக்குள் வைத்து, திரை போட்டு, நாலு பேராகத் தூக்கி நிறுத்தினோம். யாரும் பார்க்கவில்லை.

எவ்வளவு நேரம் ஆனது என்று நான் கவனிக்கவில்லை.


17 ஆகஸ்ட், ஞாயிறு

கழிப்பறைகளைக் கழுவினேன். முப்பத்திரண்டு.


21 ஆகஸ்ட், வியாழன்

கவுன்சில் முடிவு வந்தது. சாலை திறக்க நாலேகால் தாண்டிவிட்டதாம். இனி பாலத்துக்கு அனுமதி இல்லை. காண்ட்ராக்டும் இல்லை.

ஹெதர் கத்தவில்லை. அது இன்னும் மோசம். "சண்டை நேரத்துக்கு முடிஞ்சுதுல்லா? நேரா கூடாரத்துக்குக் கொண்டு போயிருந்தா ரெண்டு நிமிசம். ஏம்லே ஊரச் சுத்துன?"

"குறுக்கு வழி ஈரமா இருந்துது. வழுக்கும். தூக்குறவங்களுக்கு ஆபத்து."

"ஜூலைல இருந்து மழை இல்லையேலே."

"பாதுகாப்பு விதின்னு ஒண்ணு இருக்கு," என்றேன்.

ஹெதர் பேனாவை எடுத்தார். சர்டிபிகேட் நன்றாகவே எழுதித் தருவதாகச் சொன்னார். பஸ்ஸரில் இரண்டு பெட்டிக்கும் வேறு வேறு அலைவரிசை போட்டுவிட்டுப் போ என்றும் சொன்னார். போட்டேன்.


22 ஆகஸ்ட், வெள்ளி

இன்று போர்க்களத்தில் செத்த கடைசி இங்கிலாந்து ராஜாவின் நாளாம், 1485. ஐந்நூறு வருடத்துக்குப் பிறகு கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே எலும்பு கிடைத்தது. ராஜாவுக்கே அப்படித்தான்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அக்டோபரில் வந்தாலும் வருவேன் என்று. நான் எதிர்பார்த்தது அழுகை. "அங்க சாப்பாடே சரியில்லன்னு நீ வந்துட்டேன்னு சொல்லிக்கிடுதேன்," என்றாள். "அது இருக்கட்டும், யார்டா அந்தப் பிள்ளை, ஃபோன்ல பின்னால பேசுதே?"

பக்கத்தில் இருந்த நிரோஜினி சைகையில் என்ன என்று கேட்டாள். இணைப்பு சரியில்லை என்றேன், இருவருக்கும் சேர்த்து.

பாலத்தில் அன்றைக்குக் கிளைவிடம் என்ன சொன்னாய் என்று பிறகு அவளிடம் கேட்டேன். "அது எனக்கும் அவருக்கும் உள்ள கதை," என்றாள்.


3 செப்டம்பர், புதன்

ஒரு ராஜாவின் தலையை வெட்டி நாட்டை ஆண்டவர் காய்ச்சலில் செத்த நாள். அடுத்த ராஜா வந்து பிணத்தைத் தோண்டி எடுத்துத் தூக்கில் போட்டாராம். இந்த நாட்டுக்காரர்கள் யாரையும் சுலபத்தில் விட மாட்டார்கள்.

டெர்பியில் நேர்காணல். கடைசியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். ஐம்பத்தொன்பது பேரை வரிசையாகச் சாகவைத்தேன், ஐம்பத்தெட்டுக்குத்தான் மெஷின் வேலை செய்தது என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் எழுதிக்கொண்டார். பார்க்கலாம்.

மாலையில் எங்கள் கம்பெனி யார்டுக்குக் கிளைவ் வந்தார், கைத்தடியோடு. பகிரங்கமாகக் கைத்தடியோடு அவரைப் பார்ப்பது முதல் முறை. நான் ஒரு கழிப்பறைக் கதவுக்குக் கீல் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒரு புகார்வே," என்றார். "அந்தக் கேப்டன விழுந்த எடத்துலயே பொதச்சாங்க. ஊரச் சுத்தித் தூக்கிட்டுப் போனதுக்கு ஒரு ஆதாரமும் கெடையாது. நீ செஞ்சது தப்பான சரித்திரம்."

"சரி."

"அடுத்த வருசம் எடது பக்கம் கொஞ்சம் ஒசத்திப் பிடிக்கச் சொல்லு. அந்த வக்கீல் குள்ளம்."

"பாலம்தான் இல்லையே?"

"ஆத்தங்கரைப் புல்லுல ஒரு பலகையப் போட்டா பாலம். யார் கேக்கப் போறா?"

இதைச் சொன்னது கிளைவ். குறித்து வைக்கிறேன்.

"அடுத்த வருசம் நான் இங்க இருப்பனான்னு தெரியல," என்றேன்.

கைத்தடியை மாற்றிப் பிடித்தார். "நானும்தான்வே," என்றார். "ஆனா தேதி மாறாது."

அடுத்த வருடம் ஆகஸ்ட் பதினாறு ஞாயிற்றுக்கிழமை. ஃபோனில் போட்டுக்கொண்டேன். ஒரு வாரம் முன்னால் நினைவூட்டச் சொல்லியிருக்கிறேன். தொழில் பழக்கம்.